கேப் டவுனில் கடைசி நான்கு நாள்

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். அங்கே பள்ளி ரக்பி மும்முரமாக நடக்கும் பருவமும் அதுவே. அதனால் அந்தத் தீவுகளின் பள்ளி அணிகள் பல, விடுமுறை விட்டதும் தெற்கே புறப்படுகின்றன. பயண வழி பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கிலோ பிரிட்டோரியாவிலோ இறங்குவார்கள். வனவிலங்குக் காப்பகம் ஒன்றைப் பார்ப்பார்கள். டர்பனிலோ, தெற்குக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் கார்டன் ரூட் சாலையிலுள்ள ஜார்ஜ், நைஸ்னா போன்ற ஊர்களிலோ ஆடுவார்கள். கடைசியாகக் கேப் டவுன் வந்து சேர்வார்கள். இரண்டு வாரமோ சற்றுக் கூடுதலாகவோ நீளும் இந்தப் பயணத்தில் நான்கைந்து ஆட்டங்கள் இருக்கும். ஆகக் கடினமான எதிரணியைக் கடைசிக்கு வைப்பது வழக்கம். அந்த ஆட்டத்தைச் சுற்றி மேசை மலைக்கு ஒரு நாள், நன்னம்பிக்கை முனைக்கும் பெங்குவின்கள் உலவும் சைமன்ஸ் டவுன் கடற்கரைக்கும் ஒரு நாள், துறைமுகக் கடைவீதியில் பரிசுப் பொருள் வாங்க ஒரு மாலை, பிரிவு விருந்துக்கு ஓர் இரவு என்று நிகழ்ச்சி நிரல் அமையும். மறுநாள் விமானம். இந்த வரிசை மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடினமான ஆட்டங்களைக் கேப் டவுனுக்கு வந்த முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிட்டு, கடைசி நான்கு நாளை அந்த நகரத்துக்கும், அந்த நகரத்தில் இந்த விளையாட்டு பட்டபாட்டுக்கும் கொடுக்க வேண்டும். அந்த நான்கு நாளுக்குள் ஓர் ஆட்டம் இருக்கலாம். அது லாங்கா, கயலிட்ஷா போன்ற கறுப்பர் குடியிருப்பு ஒன்றில், அங்குள்ள பிள்ளைகளின் மைதானத்தில், அவர்களுக்கு விருந்தாளியாகப் போய் ஆடும் ஆட்டமாக இருக்க வேண்டும்.

முதலில் உடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடம் குறைவு. பத்தொன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் ரக்பியில் ஒரு பாதி 35 நிமிடம். அந்த 70 நிமிடத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் எடைக்கு மேற்பட்ட உடல்களோடு பல தடவை மோதி எழுகிறான். பயணத்தின் கடைசி வாரத்துக்குள் தோளும் தொடையும் கன்றிப்போகாத ஆட்டக்காரர் அணியில் அரிது. இடையில் நீண்ட பேருந்துப் பயணம், பழகாத படுக்கை, நேரம் தவறிய தூக்கம். இவற்றையெல்லாம் இளமை தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். மூளை அதிர்வு அப்படித் தாங்கிக் கடக்கக்கூடியது அல்ல. இங்கிலாந்தின் ரக்பி விதிகளின்படி மூளை அதிர்வு ஏற்பட்டவர், ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்படுபவர் குறைந்தது 21 நாள் கழித்தே ஆட்டத்துக்குத் திரும்பலாம். அதாவது பயணத்தின் முதல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவனும் அந்தப் பயணத்தில் மறுபடி ஆட முடியாது. இது தெரிந்த பையன் தலைவலியை மறைக்கவே பார்ப்பான்; கடைசி ஆட்டம், ஊரிலேயே பெயர்பெற்ற எதிரணி என்றால் மறைக்கும் ஆசை இன்னும் கூடும். மறுநாளே விமானம் என்றால் நிலைமை மேலும் மோசம். அடிபட்ட முதல் ஒரு நாள் அவனைத் தனியே விடக் கூடாது, அறிகுறிகள் தாமதமாகவும் வெளிப்படும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் அவன் ஏறத்தாழ 12 மணி நேர இரவு விமானத்தில், விளக்கணைந்த வரிசையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருப்பான். பக்கத்து இருக்கையில் இருப்பவன் இன்னொரு களைத்த பையன். கடைசி மோதலுக்கும் விமானத்துக்கும் இடையில் மூன்று நாளாவது இடைவெளி வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அப்படி விட்ட நாட்களை எதனால் நிரப்புவது என்ற கேள்வி உடனே எழும். இப்போது நிரப்பப்படுபவை பெரும்பாலும் குளிர்காலத்தின் தயவில் நிற்பவை. கேப் டவுன் தென்னாப்பிரிக்காவின் பெரும்பகுதியைப்போலக் கோடையில் மழை பெறும் ஊர் அல்ல; ஜூலையில்தான் அங்கே வடமேற்குக் காற்றோடு மழை கொட்டும். 1,086 மீட்டர் உயர மேசை மலைக்கு 1929 முதல் ஓடும் கம்பிவட ஊர்தி, காற்று பலமானால் நின்றுவிடும். ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில நாள் மூடப்படுவதும் பெரும்பாலும் இதே குளிர்காலத்தில்தான். முன்பு சிறைத்தீவாக இருந்த ராபன் தீவுக்குப் போகும் படகும் கடல் கொந்தளித்தால் ரத்தாகும். எல்லாவற்றையும் நெருக்கி அடைத்து வைத்த நிரலில் ஒரு காற்று வீசினால் முதலில் கைவிடப்படுவது ராபன் தீவு. ஏனென்றால் அதற்கு அரை நாள் வேண்டும். கைவிட்ட அரை நாள் எங்கே போகிறது என்றால், கடைவீதிக்கு. நான்கு நாள் கையில் இருந்தால் இன்று தவறிய படகை நாளை மறுநாள் பிடிக்கலாம். மழையில் நிற்கும் மைதானத்தையும் அருங்காட்சியகத்தையும் மழையிலேயே பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது எது என்பதை பார்லில் இருந்து தொடங்கலாம். கேப் டவுனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, மூன்று உருண்டைக் கருங்கல் மொட்டைகளின் அடியில் இருக்கும் ஊர் அது. பார்ல் ஆண்கள் பள்ளியும் பார்ல் ஜிம்னாசியமும் ஆண்டுக்கொரு முறை மோதும் ஆட்டத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம் சேரும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. வெளியூர்ப் பள்ளி அணிக்கு பார்லிலோ, பல்கலைக்கழக ஊரான ஸ்டெல்லன்போஷிலோ ஆடக் கிடைப்பது பெரிய பேறுதான். அணிக்குத் தனிப் பேருந்து, உடற்பயிற்சிக்கூடம், இரவு விளக்குகள், படுத்துப் புரளலாம் போன்ற புல்தரை என்று அங்கே காண்பவை அவர்களின் சொந்தப் பள்ளியையே சிறிதாக்கிவிடும். ஆனால் பார்லில் பிறந்தவர்களில் செஸ்டர் வில்லியம்ஸும் ஒருவர். 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்தை 15–12 என்று வென்று தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையை எடுத்தபோது அந்த அணியில் இருந்த, வெள்ளையர் அல்லாத ஒரே ஆட்டக்காரர் அவர். ஓர் ஊரில் இப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தும், அந்த ஊர்க்காரர் ஒருவர் நாட்டின் அணியில் தனியாக நிற்க நேர்ந்தது எப்படி என்று பதினாறு வயதுப் பையனுக்குக் கேட்கத் தோன்ற வேண்டும். அந்தக் கேள்விக்கு பார்லின் மைதானத்திலேயே பதில் கிடைக்காது. பதில் கேப் டவுன் நகரத்துக்குள் சிதறிக் கிடக்கிறது.

நியூலண்ட்ஸில் ஒரு பகுதி கிடைக்கும். மேசை மலையின் கிழக்கு அடிவாரத்தில், நகரத்திலேயே அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்றான அங்கே 1890 முதல் ரக்பி ஆடப்பட்டது. 2021இல் மேற்கு மாகாண அணி கிரீன் பாயிண்டில் உள்ள புதிய அரங்குக்கு மாறும்வரை அதன் வீடு அதுதான். 1891இல் டுனோட்டர் காசில் என்ற கப்பலில் வந்த பிரிட்டிஷ் அணி இங்கே ஆடியது; கப்பல் கம்பெனியின் முதலாளி டொனால்ட் கரி கொடுத்தனுப்பிய கோப்பைதான் இன்றும் மாகாணங்கள் ஆடும் கரி கோப்பை. இந்தச் செய்தியெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். சொல்லாமல் விடப்படுவது நிறவெறிக் காலத்து நியூலண்ட்ஸில் கறுப்பருக்கும் கலப்பினத்தவர் என்று அரசு முத்திரையிட்டவர்களுக்கும் தனித் தடுப்புக்குள் ஒதுக்கப்பட்ட பார்வையிடம். அங்கே நின்றவர்கள் தங்கள் நாட்டின் அணி தோற்க வேண்டும் என்று ஆரவாரித்தார்கள். வந்த அணி எதுவானாலும் அவர்கள் பக்கம். நியூசிலாந்து என்றால் கொண்டாட்டம். அந்தப் பழக்கம் குடும்பங்களில் தலைமுறையாக இறங்கி, இன்றும் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையை அணிந்து அரங்குக்கு வரும் கேப் டவுன் ரசிகர்கள் இருக்கிறார்கள்; கேப் குருசேடர்ஸ் என்று அவர்களுக்குப் பெயர். தேசத்துரோகம் என்று அவர்களைத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் அதை ஒரு நீண்ட ஞாபகமாகவே பார்க்கிறேன். தன் அணி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை மறுத்த அணியை அப்பாவும் தாத்தாவும் நேசிக்கவில்லை என்றால், சட்டம் மாறிய மறுநாளே பேரன் நேசிக்கத் தொடங்குவான் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

இன்னொரு பகுதி, மலைச்சரிவில் வண்ணம் பூசிய வீடுகளுக்காகச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்க வரும் போ-காப்பில் இருக்கிறது. அந்த வீடுகளின் முஸ்லிம் குடும்பங்கள் 1886இலேயே தங்கள் கிளப்புகளைச் சேர்த்து மேற்கு மாகாணத்துக்கு ஒரு ரக்பி சங்கம் அமைத்தார்கள். வெள்ளையரின் தென்னாப்பிரிக்க ரக்பி வாரியம் தொடங்கியதே 1889இல்தான் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897இல் நாடு முழுவதற்குமான, வெள்ளையர் அல்லாதோரின் வாரியமும் வந்தது. கிழக்கு கேப்பில் மிஷன் பள்ளிகளில் படித்த கோசா இளைஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ரக்பி ஆடினார்கள். ஆகவே கறுப்பர்கள் இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள், 1990களுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் என்று பலரும் நினைப்பது முழுத் தவறு. இந்த வரலாற்றை அழகுபடுத்தவும் வேண்டாம். 1898இல் அதே நகரத்தில் தொடங்கிய இன்னொரு கலப்பினச் சங்கம் முஸ்லிம்களைச் சேர்க்க மறுத்தது, ஒதுக்கப்பட்டவர்களும் ஒதுக்கினார்கள். ஆனால் இவர்கள் ஆடிய தெருக்களை அரசு துடைத்தெடுத்ததற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. 1966 பிப்ரவரி 11 அன்று டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற நகர்மையப் பகுதி வெள்ளையருக்கென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கேப் ஃப்ளாட்ஸ் என்ற மணற்சமவெளிக்குப் பெயர்க்கப்பட்டார்கள்; வீடுகள் இடிக்கப்பட்டன. தெருவோடு ஆடும் குழுக்களும் கலைந்தன. ஒரே கிளப்பில் ஆடியவர்கள் பல மைல் இடைவெளியில் குடியமர்த்தப்பட்டால் மாலைப் பயிற்சிக்கு எப்படிச் சேர்வார்கள்? 1994இல் திறந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் விரிந்திருக்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரெழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதும் அதைப் பார்க்க. கடைவீதியிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம்கூட ஆகாது.

ராபன் தீவுக்குத்தான் நேரம் வேண்டும். படகும் பேருந்தும் சிறையும் சேர்த்து மூன்றரை மணி. தீவில் நெல்சன் மண்டேலா 18 ஆண்டு இருந்த அறையைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், பார்க்கட்டும். ரக்பி ஆடும் பையன்களுக்குச் சொல்ல வேண்டிய கதை சிறைச்சாலை மைதானத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் குழியிலும் கல் குவாரியிலும் வாரமெல்லாம் உழைத்த கைதிகள், விளையாட அனுமதி கேட்டுப் பல ஆண்டு போராடிப் பெற்றார்கள். மைதானத்தைத் தாங்களே சமன்செய்தார்கள். கால்பந்துக்கு மக்கானா சங்கம் என்று ஒன்றை அமைத்து, உலகக் கால்பந்து விதிகளின்படி லீக் நடத்தினார்கள். மேல்முறையீடு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எழுத்தில். ரக்பிக்கும் தீவு ரக்பி வாரியம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவராக இருந்த ஸ்டீவ் ட்ஷ்வெட்டே பதினைந்து ஆண்டு தண்டனையை அங்கே கழித்தவர்; 1994இல் மண்டேலா அமைச்சரவையில் விளையாட்டு அமைச்சரானவர். கால்பந்துச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய டிக்காங் மொசெனெக்கே கைதானபோது அவருக்கு வயது 15, பத்தாண்டு சிறை. பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்துப் பின்னாளில் நாட்டின் துணைத் தலைமை நீதிபதி ஆனார். தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: ட்ரான்ஸ்வாலில் காந்தியோடு நின்று திரும்பத் திரும்பச் சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு, 1963 முதல் பத்தாண்டு இதே தீவில் கைதியாக இருந்தார். விளையாட்டில் ஒழுக்கம் கற்கலாம் என்று எல்லாப் பள்ளிகளின் பரிசளிப்பு விழாவிலும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு இதைவிட நம்பத்தக்க சான்று எனக்குத் தெரிந்து இல்லை: விதிகளால் நசுக்கப்பட்டவர்கள் தாங்களாக ஒரு விதிப்புத்தகத்தைக் கையிலெடுத்து, அதற்குத் தாங்களே கட்டுப்பட்டு, வாரக் கடைசியில் ஒரு மணி நேரமாவது நியாயமான ஓர் உலகத்தில் வாழ்ந்தார்கள். மொசெனெக்கே கைதான வயதில் இருக்கும் பையன்கள் அந்த இடத்தில் நிற்கிறார்கள். அதற்காகக் கடைவீதி மாலை ஒன்றைக் கொடுப்பது பெரிய விலையா?

இதற்கு வரும் முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது. பிள்ளைகள் ரக்பி ஆட வந்தார்கள், வரலாறு படிக்க அல்ல. விளையாட்டில் அரசியலைக் கொண்டுவராதீர்கள். இந்த மறுப்பைச் சொல்பவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு பழைய வாதத்தைச் சொல்கிறார்கள். 1969–70இல் தென்னாப்பிரிக்க அணி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுற்றுப்பயணம் செய்தபோது மைதானத்துக்கு மைதானம் போராட்டம் வெடித்தது. பிரிட்டோரியாவில் வளர்ந்து நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பத்தின் மகன் பீட்டர் ஹெயின் அதற்கு முன்னின்றார். 1976இல் நியூசிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போனதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981இல் தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்து போனபோது ஹாமில்டனில் மக்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். இந்த ஒவ்வொரு சண்டையிலும் அரசியல் வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் ஓர் இளைஞன் தோல் நிறத்தால் தேர்வுக்கே வர முடியாத விளையாட்டில் அரசியல் முன்பே நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. சாதாரணமல்லாத சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்று தென்னாப்பிரிக்காவின் இன பேதமற்ற விளையாட்டு அமைப்புகள் சொன்னது இதைத்தான். 1992 மார்ச்சில் இரு தரப்பு ரக்பி அமைப்புகளும் ஒன்றான பிறகே வெளிநாட்டு அணிகள் மனச்சான்றுக்கு நெருடலின்றி அங்கே போக முடிகிறது. இன்றைய பள்ளிப் பையனின் விமானச்சீட்டே அந்தப் போராட்டத்தின் வெற்றியால் கிடைத்தது. அதைச் சொல்லாமல் அழைத்துப்போய்த் திரும்பினால் அவனுக்குப் பயணத்தில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம்.

இனி லாங்காவுக்கு வருகிறேன். 1927இல் கறுப்பர்களுக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பு அது. நகரத்தின் பழைய கறுப்பர் குடியிருப்புகளில் ஒன்று. பல அணிகளின் கடைசி நாட்களில் லாங்காவுக்கோ கயலிட்ஷாவுக்கோ ஒரு வருகை இப்போதும் உண்டு. நடப்பது என்னவென்றால், காலையில் பேருந்து போகும், பழைய ஜெர்சிகளும் பூட்ஸுகளும் அடங்கிய பைகள் இறங்கும், சின்னப் பிள்ளைகளோடு அரை மணி பந்து வீசுவார்கள், குழுப்படம் எடுப்பார்கள், பதினொரு மணிக்குள் பேருந்து கிளம்பிவிடும். கொடுக்கும் மனம் நல்லதே. பூட்ஸ் இல்லாத பிள்ளைக்கு பூட்ஸ் கிடைப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பார்லில் எதிரணி, லாங்காவில் பெறுவோர் என்ற பிரிவினை அந்தப் பையனின் மனத்தில் என்ன எழுதிவிடும் என்று யோசிக்க வேண்டும். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தை 32–12 என்று வென்ற அணிக்குத் தலைவர் சியா கொலிசி. போர்ட் எலிசபெத்தின் ஸ்வீடே குடியிருப்பில் பிறந்து, உதவித்தொகையில் கிரே பள்ளிக்குப் போனவர். அந்த ஆட்டத்தில் முதல் ட்ரை அடித்த மக்கசோலே மப்பிம்பி கிழக்கு கேப்பின் கிராமத்துக்காரர், பெரிய பள்ளி எதிலும் படிக்காதவர். தென்னாப்பிரிக்கா ஓர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அடித்த முதல் ட்ரையே அதுதான். இங்கிலாந்துப் பையன்களில் பலர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வருந்தியவர்கள். அந்த ஊர்களின் பிள்ளைகளை அவர்கள் சந்திக்க வேண்டிய முறை, நடுவர் ஊதலோடு, ஸ்கோர் பலகையோடு, தோற்கும் சாத்தியத்தோடு சந்திப்பதுதான். எதிரணியாக மதிப்பது பூட்ஸ் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை. ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் அணி விருந்து வைக்கட்டும். இறைச்சி சுடும் அடுப்பும் மேசையும் அவர்களுடையதாக இருக்கட்டும். செலவைப் பயண நிதியிலிருந்து முன்கூட்டியே, சத்தமில்லாமல், அங்குள்ள கிளப்பிடம் சேர்த்துவிடலாம். பூட்ஸ் பையையும் அதேபோலப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கலாம், படம் வேண்டாம்.

இங்கே வரும் மறுப்புகள் கனமானவை. உடல் ஓயட்டும் என்று முன்பு சொல்லிவிட்டு இப்போது ஆட்டம் கேட்கிறாயே என்பது ஒன்று. நியாயம்தான். அதனால் இது பதினைந்து பேரின் முழு ஆட்டமாக இருக்க வேண்டியதில்லை. மோதலைத் தவிர்த்துத் தொடுதலோடு நிறுத்தும் டச் ரக்பி ஆடலாம், அல்லது அணியில் அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காதவர்களை இறக்கலாம், இரு பள்ளிகளின் பிள்ளைகளையும் கலந்து இரண்டு அணி ஆக்கலாம். எப்படியானாலும் விமானத்துக்கு மூன்று நாள் முன்னதாக. பாதுகாப்பு இன்னொரு மறுப்பு. கேப் ஃப்ளாட்ஸின் சில பகுதிகளில் கும்பல் வன்முறை உண்மை. பிள்ளைகளைப் பொறுப்பில் எடுத்த ஆசிரியர் அதை எண்ணிப் பயப்படுவது கடமை. ஆனால் அந்தப் பகுதிகளில் லட்சக்கணக்கானவர்கள் வாழ்ந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சனிக்கிழமைகளில் ரக்பியும் ஆடுகிறார்கள். எந்த மைதானம், எந்த நேரம், எந்தச் சாலை என்பதை லண்டனில் இருக்கும் பயண ஏஜென்சியைவிட லாங்காவின் பயிற்சியாளர் நன்றாக அறிவார். அவரைக் கேட்டு அவர் சொன்னபடி நடந்தால் ஆபத்து குறையும். கேட்காமல் அரை மணி வந்துபோவதில் எந்தப் பாதுகாப்பும் கூடவில்லை.

எல்லாவற்றிலும் கடுமையான மறுப்பு, தென்னாப்பிரிக்காவிலேயே பலர் சொல்வது: வறுமையை வேடிக்கை பார்க்க வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கூட்டிவருவதை நிறுத்துங்கள் என்பது. இதை நான் மதிக்கிறேன். தெருவில் நடந்து, தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, அங்கிருப்பவரிடம் கேட்காமல் படமெடுக்கும் சுற்றுலா அவமானப்படுத்துவதுதான். அதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. போகாமலே இருப்பது ஒன்று. ஆனால் போகாவிட்டாலும் பார்ப்பார்கள்: விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான என்-2 நெடுஞ்சாலை லாங்காவையும் அதைச் சுற்றிய குடியிருப்புகளையும் ஒட்டித்தான் ஓடுகிறது. சாலையோரத் தகரக் கூரைகளைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, அவற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் விமானம் ஏறுவதுதான் முழுமையான வேடிக்கை. மற்ற வழி, அழைப்பின் பேரில், ஒரு காரியத்துக்காக, அங்குள்ளவரின் விதிப்படி போவது. ரக்பி அந்தக் காரியத்தைத் தருகிறது. ஆட்டத்துக்கு இரு பக்கமும் தேவை, ஒருவர் மற்றவரைப் பார்ப்பதோடு அது நடக்காது. தரம் ஒத்துவராது, ஒரு பக்கம் நாற்பது புள்ளி அடித்தால் யாருக்கு மகிழ்ச்சி என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பார்லில் வெளியூர் அணிகள் நாற்பது புள்ளி வாங்கித் திரும்பிய நாட்கள் உண்டு. அதனால் அடுத்த ஆண்டு போகாமல் இருந்துவிடவில்லை.

பிரிவு இரவைப் பற்றி ஒரு சொல். ரக்பிப் பயணங்களின் கடைசி இரவில் விளையாட்டு நீதிமன்றம் கூடுவது நெடுநாள் வழக்கம். பயணத்தில் செய்த குறும்புகளுக்கு நீதிபதியாக வேடமிட்டவர் தண்டனை விதிப்பார். பிள்ளைகள் சிரிக்க ஓர் இரவு வேண்டும், அதில் குறையில்லை. பயணத்தில் நடந்ததைப் பயணத்தோடு விட்டுவிட வேண்டும் என்று அந்தச் சிரிப்போடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் பழமொழியைத்தான் நான் எதிர்க்கிறேன். சிறுமைப்படுத்தும் சடங்குகளும் குடியும் பல ஆண்டுகள் அந்தப் பழமொழிக்குப் பின்னால் ஒளிந்தன. அதோடு, எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கடைசி இரவில் சொல்லிவிட்டால், ராபன் தீவில் பார்த்ததையும் லாங்காவில் தோற்றதையும் சேர்த்தே விட்டுவிடச் சொல்கிறோம்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில் முக்கியமான ஒன்று, திரும்ப அழைக்கும் பொறுப்பு. பெரிய பள்ளிகளுக்குள் இது இயல்பாக நடக்கிறது: இந்த ஆண்டு இங்கிலாந்துப் பள்ளி கேப் டவுன் வந்தால், ஓரிரு ஆண்டில் கேப் டவுன் பள்ளி இங்கிலாந்து போகும். மாணவர்களை ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கவைத்த குடும்பங்கள் கடிதமும் போனுமாகத் தொடர்பு வைத்திருக்கும். லாங்காவின் அணியால் அப்படிப் போக முடிவதில்லை. பணம் மட்டும் தடை அல்ல. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு பிரிட்டன் விசா கேட்கிறது, 2024 முதல் அயர்லாந்தும் கேட்கிறது. அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று, செலவை யார் ஏற்கிறார் என்ற ஆவணம், பெற்றோரின் சம்மதம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு தயாராக வேண்டும். பாஸ்போர்ட்டே எடுக்காத குடும்பங்களில் இதற்குப் பல மாதம் பிடிக்கும். ஆகவே கடைசி நான்கு நாளில் ஒரு மாலை, இரு பயிற்சியாளர்களும் பெற்றோர்கள் சிலரும் உட்கார்ந்து ஆண்டையும் மாதத்தையும் குறிக்க வேண்டும், எத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும், அழைப்புக் கடிதத்தில் யார் கையெழுத்திடுவார் என்று முடிவுசெய்ய வேண்டும். பயணத்துக்கு முன்பு கேக் விற்றும் கார் கழுவியும் பிள்ளைகள் திரட்டும் நிதியில் ஒரு பங்கை இதற்கென்று தனிக் கணக்கில் போடச் சொன்னால் அவர்கள் மறுக்க மாட்டார்கள், அந்தப் பக்கத்து அணியில் யார் யார் ஆடினார்கள் என்று பெயர் சொல்லத் தெரிந்திருந்தால். அந்தப் பெயர்களைக் கற்றுக்கொள்ளத்தான் நான்கு நாள் கேட்கிறேன்.